வீட்டுத் தோட்டத்துக்குப் பூச்செடியும் மரமும் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே உள்ள பதில்கள் தமிழ்நாட்டுச் சமவெளிக்கானவை. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டுக் கணக்கு வேறு. அளவுகளை அடியிலும் அங்குலத்திலும் சொல்லியிருக்கிறோம். நர்சரியிலும் குழி வெட்டுபவரிடமும் அந்தப் பேச்சுதான் செல்லுபடியாகும்.

நர்சரிக்குப் போகும் முன் என்ன செய்ய வேண்டும்?

வெயிலைக் கணக்கெடுங்கள். காலை 8, நண்பகல் 12, மாலை 4 மணிக்கு எந்த இடத்தில் வெயில் விழுகிறது, எங்கே நிழல் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயில் வடக்கிலிருந்து விழும். டிசம்பரில் சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும். அதனால் வீட்டின் வடக்குச் சுவரோரம் மார்கழியில் முழு நிழலாகவும் அக்னி நட்சத்திரத்தில் சுடுவெயிலாகவும் இருக்கும். தை மாதம் அங்கே நிழல் என்று நம்பிப் பெரணியும் மரந்தாவும் வைத்தவர்கள் சித்திரையில் கருகிய இலையைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று நினைப்பார்கள். இன்னும் ஊற்றி வேரையும் அழுகவைப்பார்கள்.

வெயிலுக்கு அடுத்தது வடிகால். ஓர் அடி ஆழக் குழி எடுத்துத் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்த பின் மறுபடி நிரப்பி நேரம் பாருங்கள். இரண்டாவது தண்ணீர் நான்கு மணி நேரத்துக்கு மேல் தேங்கி நின்றால் அங்கே செண்பகம், ஈழத்தலரி, காகிதப்பூ எதுவும் பள்ளத்தில் வைக்கக் கூடாது. ஓர் அடி உயரத்துக்கு மேடு போட்டு அதன்மேல் நடுங்கள்.

அரை கிரவுண்ட் மனை. மரம் வைக்கலாமா?

வைக்கலாம், ஒன்றே ஒன்று. 1,200 சதுர அடியில் வீடு போக முன்பக்கம் ஐந்திலிருந்து பத்து அடி மிஞ்சும். அதற்குள் அடங்குவது 15 அடிக்குள் நிற்கும், அல்லது கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து நிறுத்திவைக்கக்கூடிய மரம். பவழமல்லி, வெள்ளை மந்தாரை, நர்சரிக்காரர்கள் ப்ளூமேரியா என்கிற ஈழத்தலரி இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது 6 அடி தள்ளி இருக்கட்டும்.

பாதிநாள் வெயில் மட்டும் வரும் இடமென்றால் பவழமல்லி. பூ இரவில் மலர்ந்து விடியும்போது கொட்டிவிடும். ஆகவே கார் நிற்கும் இடத்துக்கு மேலே வேண்டாம். வாசல் தெளித்துக் கோலம் போடும் இடத்தின் ஓரம் பொருத்தமாக இருக்கும். கம்பளிப்பூச்சி வரும் மரம் என்பதையும் தெரிந்தே வையுங்கள். முழு வெயிலும் நல்ல வடிகாலும் இருந்தால் ஈழத்தலரி. அது பனிக்காலத்திலும் வறட்சியிலும் மொட்டையாக நிற்பது இயல்பு. பட்டுப்போனதாக நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள்.

மகிழம், சரக்கொன்றை, பூமருது ஆகியவற்றுக்கு ஒரு முழு கிரவுண்டாவது வேண்டும். சுவருக்கும் மரத்துக்கும் 12 முதல் 15 அடி. செப்டிக் டேங்க், சம்ப் இரண்டிலிருந்தும் 20 அடி தள்ளினால் நிம்மதி. மேலே மின்கம்பி போகிறதா என்று நிமிர்ந்து பார்க்கப் பலரும் மறக்கிறார்கள். கம்பிக்குக் கீழே வைத்த மரத்தை ஆள் வந்து ஒரு பக்கமாக வெட்டிப்போட்டால் அது கடைசிவரை சாய்ந்தே வளரும்.

கொன்றை கேட்டால் ஆளுக்கொரு கன்று தருகிறார்கள். எது சரி?

மஞ்சளாகப் பூத்தாலே கொன்றை என்று கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. சித்திரை, வைகாசியில் திராட்சைக் கொத்துப்போல் சரம்சரமாகத் தொங்கும் பூ, ஓர் அடிக்கும் மேலாக உருளைக் குழாய் மாதிரி கறுத்த காய், இரண்டும் இருந்தால் சரக்கொன்றை. பெருங்கொன்றையின் பூங்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும், காய் தட்டையாகச் செம்பு நிறத்தில் இருக்கும். அது பெரிய மரம், வீட்டுக்கு ஆகாது. மூன்றாவது மஞ்சள் கொன்றை என்று விற்கப்படும் வெளிநாட்டு மரம். முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவி உள்நாட்டுச் செடிகளை நெருக்கிவிட்டதால் வனத்துறை அதை வேரோடு அகற்றிக்கொண்டிருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

கன்றில் பூவும் காயும் இராதே என்றால் இலையைப் பாருங்கள். சரக்கொன்றையின் சிற்றிலை உள்ளங்கை நீளம், நான்கிலிருந்து எட்டு ஜோடி. பெருங்கொன்றையின் இலை புளிய இலைபோல் பொடிப்பொடியாக இருக்கும். மஞ்சள் கொன்றையில் பத்து ஜோடிக்கு மேல் சிற்றிலைகள் நெருக்கமாக இருக்கும்.

சரக்கொன்றை முதல் இரண்டு, மூன்று வருடம் வளர்கிறதா இல்லையா என்றே தெரியாது. பொறுங்கள். மழைக்காலத்தில் பச்சைப் புழு இலையைத் தின்னும். அது மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு. மருந்து தேவையில்லை, மரம் மறுபடி துளிர்த்துவிடும்.

புயலைத் தாங்கும் மரம் எது?

எதுவும் உத்தரவாதம் இல்லை. ஆனால் 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் குல்மோகர், பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி போன்ற விரைவாக வளரும் மரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. மேலே அகன்ற கனத்த குடை, கீழே சாலைக்கும் நடைபாதைக்கும் வெட்டுண்ட ஆழமில்லாத வேர், நாள்கணக்கில் மழையில் ஊறிய மண். மூன்றும் சேர்ந்தால் காற்றுக்கு வேலை சுலபம். மரமல்லியும் இந்த ரகம்தான். வாசனைக்கு ஈடில்லை, கிளை மட்டும் சடசடவென்று முறியும்.

கடலோரத்தில் இடம் இருப்பவர்களுக்கு மகிழமும் புன்னையும் எங்கள் முதல் சிபாரிசு. இரண்டும் மெதுவாக வளர்பவை, கட்டை இறுக்கமானது. மகிழம் பூக்க ஆறேழு வருடம் ஆகலாம். அந்த அவசரமின்மைதான் அதன் பலம். எந்த மரமானாலும் புரட்டாசிக்குள் உட்கிளைகளைக் கழித்துக் காற்று ஊடே போக வழிசெய்யுங்கள். உச்சியை மொட்டையடிப்பது தவறு. வெட்டிய இடத்தில் துடைப்பம் மாதிரி கிளைக்கும் புதுத்தளிர்கள் பட்டையை மட்டுமே பிடித்து நிற்பவை. அடுத்த காற்றில் அவைதான் முதலில் பிய்யும்.

எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?

கோனோகார்ப்பஸ். வேகமாகப் பச்சைச் சுவராக எழும்புகிறது என்று வாங்கிவைக்கிறார்கள். வேர் தண்ணீர்க் குழாயையும் சாக்கடையையும் தேடிப் போகிறது, மகரந்தம் சிலருக்கு ஒவ்வாமை தருகிறது. குஜராத் அரசு 2023-இல் அதை நடுவதற்குத் தடையே போட்டது. ஃபைகஸ் வகைகளைத் தொட்டியில் மட்டும் வையுங்கள். உண்ணிச்செடி எத்தனை நிறத்தில் பூத்தாலும் வேண்டாம். ஏழிலைப்பாலை பூக்கும் பருவத்தில் அதன் நெடி படுக்கையறைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாகலிங்க மரத்தின் காய் பீரங்கிக் குண்டு மாதிரி; கோயில் பிராகாரத்துக்குச் சரி, கார் நிற்கும் வாசலுக்குச் சரியல்ல.

இட்லிப்பூச் செடியின் இலை மஞ்சளாகிறது. உரம் போட்டும் சரியாகவில்லையே?

அதிகமாக வரும் கேள்வி இதுதான். முதலில் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முழுக்க வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. நுனித் தளிர் மஞ்சளாகி, அதில் நரம்பு மட்டும் பச்சை வலைபோல் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. இட்லிப்பூவுக்கு வருவது பெரும்பாலும் இரண்டாவது.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. செடியால் எடுக்க முடியவில்லை. இட்லிப்பூ சேர்ந்த வெட்சி இனம் சற்றே புளிப்பான, அதாவது அமிலத்தன்மையுள்ள மண்ணில் வாழ்வது. நாம் அதை வைப்பதோ காம்பவுண்டு சுவரோரம். வீடு கட்டியபோது விழுந்த சிமென்ட், சுண்ணாம்பு, உடைந்த செங்கல் எல்லாம் மூடப்பட்டுக் கிடப்பது அங்கேதான். கூடவே போர்வெல்லின் கடினநீர். இரண்டும் மண்ணைக் காரமாக்குகின்றன, இரும்பு கரையாமல் அடைபட்டுவிடுகிறது. இதில் டிஏபி உரம் போட்டால் மணிச்சத்து கூடி நிலைமை மோசமாகும். ஒரு பிடி காய்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது.

உடனடித் தீர்வு: ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, பிறகு 5 கிராம் அன்னபேதி உப்பை (ஃபெர்ரஸ் சல்பேட்) கலந்து வடிகட்டி, மாலையில் இலையின் இருபுறமும் தெளியுங்கள். 10 முதல் 15 நாள் இடைவெளியில் மூன்று முறை. கலந்த கரைசலை மறுநாளுக்கு வைக்காதீர்கள். பழுப்பேறினால் இரும்பு வீணாகிவிட்டது என்று பொருள். டைல்ஸ் தரையில் சிந்தினால் துருக்கறை போகாது, முன்கூட்டியே சாக்கு விரித்துவிடுங்கள். தெளித்த பின் புதிதாக வரும் தளிரைத்தான் பார்க்க வேண்டும். பழைய இலை அப்படியேதான் இருக்கும்.

நிரந்தரத் தீர்வுக்கு மண்வெட்டிதான் வேண்டும். ஒன்றரை அடி ஆழத்துக்கு இடிபாட்டை அள்ளி வெளியேற்றிவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு நிரப்பி நடுங்கள். அது முடியாதென்றால் அந்த இடத்தில் நந்தியாவட்டை வையுங்கள். இத்தனை நுணுக்கம் பார்க்காது.

உயிர்வேலிக்கு எந்தச் செடி, எத்தனை வாங்க வேண்டும்?

முழங்கால் உயரத்துக்கு: குட்டை இட்லிப்பூ, ஓர் அடிக்கு ஒன்று. 30 அடி நீளத்துக்கு முப்பது கன்று, இரண்டு மாற்று. இடுப்புயரம்: தங்க நிற டுராண்டா அல்லது மருதாணி, ஒன்றரை அடிக்கு ஒன்று. தலைக்கு மேல் மறைப்பு வேண்டுமென்றால் அடுக்கு நந்தியாவட்டை, இரண்டரை அடி இடைவெளி. இடம் இருந்தால் இரண்டு வரிசையாகக் கோணல்மாணலாக நடுங்கள். அடியில் ஓட்டை தெரியாது.

டுராண்டாவின் தங்க நிறம் வெயிலில் மட்டும்தான். நிழலில் வெறும் பச்சையாகிவிடும். அதோடு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை கத்தரி போட வேண்டும். ஆள் கிடைக்காத வீட்டுக்கு அது தொல்லை. கடலோரத்தில், உப்புக்காற்றில் எதுவும் நிற்காத இடத்தில் சங்கங்குப்பி வையுங்கள். கடற்கரையிலேயே தானாக வளரும் நம் செடி, வெட்ட வெட்ட அடர்த்தியாகும். நர்சரியில் அதை மதிப்பதில்லை. ஒரு குச்சியை ஒடித்து நட்டாலே வரும்.

காகிதப்பூ கொடி காடாக வளர்கிறது, பூக்கவே மாட்டேன் என்கிறது?

நீங்கள் நன்றாகக் கவனிப்பதுதான் காரணம். ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாவிட்டால் பூக்காது. வெயில் இருந்தும் பூக்கவில்லையென்றால் தண்ணீரும் யூரியாவும் அதிகம். மார்கழி முடிந்ததும் நீண்ட குச்சிகளை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டு, இலை லேசாகத் துவளும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். பிறகு கொஞ்சமாக ஊற்றுங்கள். மறுபடி துவண்டால் மறுபடி ஊற்றுங்கள். சில வாரத்தில் நுனியில் நிறம் கட்டும்.

வெயிலே வராத பக்கவாட்டுச் சந்துக்கு என்ன வைப்பது?

பூவை மறந்துவிட்டு இலையழகுக்குப் போங்கள். பாம்புச்செடி, சிங்கோனியம், பெரணி, மரந்தா. ஒன்றிரண்டு மணி நேரம் வெயில் எட்டிப்பார்த்தால் நந்தியாவட்டை சுமாராகப் பூக்கும். அரிக்கா பாம் அங்கே நன்றாக வரும். முழு வெயிலில்தான் அதன் இலை மஞ்சளித்து நுனி கருகும்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. என்ன வைக்கலாம்?

தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். 500-க்குக் கீழ் என்றால் கவலை இல்லை. 1,000-ஐத் தாண்டினால் இட்லிப்பூ, செண்பகம், ரோஜா எல்லாம் முரண்டு பிடிக்கும். 2,000 பக்கம் போனால் பூவரசு, புன்னை, அரளி, காகிதப்பூ, சங்கங்குப்பி, இரவில் மணக்கும் கடலோரப் பன்னீர் மரம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தினம் ஒரு சொம்பு ஊற்றுவது உப்பு நீருக்குக் கெடுதல். தண்ணீர் ஆவியாகி உப்பு மேல்மண்ணிலேயே படியும். இடைவெளி விட்டு வேருக்குக் கீழே இறங்கும் அளவுக்கு ஊற்றுங்கள். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனம்போல் தோன்றும். அதில் உப்பு செறிந்திருக்கும் என்பதால் தொட்டிச் செடிக்கு வேண்டாம்.

ஒருமுறை நட்டால் பல ஆண்டு இருக்கும் பூச்செடிகள் எவை?

கல்வாழைதான் சுலபம். முழு வெயில், நிறையத் தண்ணீர், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிழங்கைப் பிரித்து நடுவது, அவ்வளவுதான். மழை லில்லிக் கிழங்கை இரண்டு அங்குல ஆழத்தில், நான்கு அங்குல இடைவெளியில் பாதையோரம் பதித்துவிடுங்கள். கோடை மழை பெய்த நாலைந்து நாளில் ஒரே வீச்சாகப் பூக்கும். டிசம்பர் பூவைப் பூத்து முடிந்ததும் அரையடிக்கு வெட்டிவிட்டால் மறுவருடம் புதராக வரும். கனகாம்பரத்துக்கு எமன் நூற்புழு. நடும் குழியில் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு போட்டு, முன்னதாக அந்தப் பாத்தியில் ஒரு போகம் துலுக்க சாமந்தி வளர்த்தால் தொல்லை குறையும். நித்யகல்யாணி வறட்சியில் சிரிக்கும், ஐப்பசி அடைமழையில் வேரழுகிச் சாகும். மேட்டில் நடுங்கள்.

செங்காந்தள் நம் மாநில மலர் என்பதால் பலர் ஆசைப்படுகிறார்கள். கிழங்கு ஏர்க்கலப்பைபோல் இரண்டு கிளையாக வளைந்திருக்கும். கலப்பைக்கிழங்கு என்று பெயர் வந்தது அதனால்தான். முளைக்கண் நுனியில் மட்டும் இருக்கிறது. நுனி ஒடிந்த கிழங்கு எத்தனை பருமனாக இருந்தாலும் முளைக்காது, வாங்கும்போது இதைத்தான் பார்க்க வேண்டும். ஆடியில், படுக்கை வாட்டில், இரண்டரை அங்குல ஆழத்தில் நடுங்கள். இலை நுனியே சுருண்டு பற்றும் என்பதால் மெல்லிய கம்பியோ மிலாறோ நட்டால் போதும், பருத்த கம்பத்தைப் பிடிக்கத் தெரியாது. தைக்குப் பின் கொடி காய்ந்துவிடும். கிழங்கு உறங்கும் அந்த மாதங்களில் தண்ணீரை நிறுத்துங்கள். கிழங்கு கொடிய விஷம்; கையுறை போட்டு எடுங்கள்.

கன்றை எப்படிப் பார்த்து வாங்குவது?

எட்டடி உயரக் கன்றைவிட மூன்று, நான்கு அடிக் கன்று சீக்கிரம் வேர் பிடித்து இரண்டே வருடத்தில் அதை எட்டிவிடும். விலையும் குறைவு. பூத்திருக்கிறது என்பதற்காக எடுக்காதீர்கள். பையின் அடி ஓட்டை வழியே விரல் பருமனில் வேர் வெளிவந்திருந்தால் அந்தக் கன்று பைக்குள் பல மாதம் சுற்றிச்சுற்றி வளர்ந்திருக்கிறது. செண்பகம் என்றால் ஒட்டுக்கன்றா என்று கேட்டு ஒட்டுப் போட்ட தழும்பைக் கண்ணால் பாருங்கள். ஒட்டு இரண்டு, மூன்று ஆண்டில் பூக்கும். விதைக்கன்று என்றால் எட்டு, பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும்.

எப்போது, எப்படி நடுவது?

ஆடிக் கடைசியிலிருந்து புரட்டாசிக்குள். வடகிழக்குப் பருவமழை வரும்போது வேர் மண்ணைப் பிடித்திருக்க வேண்டும். கோவை, தென்காசிப் பக்கம் ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அங்கே ஆவணிக்குத் தள்ளுங்கள்.

செடிக்கு ஒன்றரை அடிக் குழி, மரத்துக்கு மூன்றடி. எடுத்த மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மட்கிய எருவும் 100 கிராம் வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், சூடும் வெண்புழுவும் சேர்ந்து வரும். களிமண் நிலத்தில் குழியின் சுவரைக் கடப்பாரையால் கொத்திவிடுங்கள். வழவழப்பாக விட்டால் குழி தொட்டியாகித் தண்ணீர் நிற்கும்.

பையைக் கிழித்ததும் வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் மண்ணுருண்டையில் நான்கு பக்கமும் மேலிருந்து கீழாக அரை அங்குல ஆழத்துக்குக் கத்தியால் கீறுங்கள். கல்போல் இறுகிய களிமண் உருண்டையாக இருந்தால் பத்து நிமிடம் வாளித் தண்ணீரில் ஊறவைத்து வெளிப்புறத்தை உதிர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு வருடம் கழித்துப் பிடுங்கினாலும் உருண்டை அப்படியே வரும். தண்டும் வேரும் சேரும் கழுத்து தரைமட்டத்தில் இருக்கட்டும், புதைத்தால் அழுகும். சருகு மூடாக்கு மூன்று அங்குலம், தண்டைத் தொடாமல்.

முதல் மாதம் மரக்கன்றுக்கு தினம் ஐந்தாறு லிட்டர், அடுத்து ஒருநாள் விட்டு ஒருநாள், ஆறு மாதத்துக்குப் பின் வாரம் இரண்டு முறை 20 லிட்டர். பாத்தியைத் தண்டோடு ஒட்டிக் கட்டாமல் இலை விரிவு முடியும் இடத்தில் கட்டுங்கள். உறிஞ்சும் வேர் அங்கேதான்.

செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு, கல்வாழையில் வெள்ளைச் சுருள். இரண்டும் ஒன்றா?

இல்லை. செம்பருத்தியில் இருப்பது மாவுப்பூச்சி. தண்டில் எறும்பு ஏறுகிறதா பாருங்கள், அதைக் காவல் காத்து இடம் மாற்றுவது எறும்புதான். மோசமான நுனிகளை வெட்டிப் பையில் கட்டி எறிந்துவிட்டு, 5 மில்லி வேப்பெண்ணெயை 2 மில்லி சோப்புக் கரைசலோடு நன்றாகக் குழப்பி, பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்து மாலையில் தெளியுங்கள். எண்ணெயை நேரே தண்ணீரில் விட்டால் மிதந்து இலையைச் சுடும்.

கல்வாழை, ஹெலிகோனியா, பாம் வகைகளின் இலையடியில் வட்டச் சுருளாகத் தெரிவது 2016-இல் பொள்ளாச்சியில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ. வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மேலே படியும் கரும்பூஞ்சைக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்த கஞ்சியைத் தெளித்தால் காய்ந்து பொருக்காக உதிரும். கடும் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். இந்த ஈயை அழிக்கும் என்கார்சியா என்ற பொடிக்குளவி அதில் முதலில் செத்துப்போகும்.

சின்னக் குழந்தை, நாய் இருக்கும் வீடு. எவை ஆபத்து?

அரளி முழுச் செடியும் விஷம். பொன்னரளியின் கொட்டை உயிரைக் குடிக்கும். செங்காந்தள் கிழங்கு, டுராண்டாவின் மஞ்சள் பழம், உண்ணிப்பழம் ஆகியவையும் பட்டியலில் உண்டு. டைஃபன்பேக்கியா இலையைக் கடித்தால் நாக்கும் தொண்டையும் வீங்கும். ஈழத்தலரிப் பால் தோலில் பட்டால் அரிக்கும். ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் அரளியை வெட்டினால் குச்சியை அடுப்பில் போடாதீர்கள், புகையும் விஷம்.

கவாத்து எப்போது?

பூத்து முடிந்த உடனே. செம்பருத்தியும் நந்தியாவட்டையும் தை, மாசியில். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பவழமல்லி மாசியில். சரக்கொன்றையை மட்டும் பனிக்காலத்தில் தொடவே வேண்டாம். சித்திரையில் பூ தொங்க வேண்டிய கிளையைத்தான் வெட்டிப்போடுவீர்கள்.